வெள்ளோட்டம் யாருக்காக? பழைய மோட்டார் கம்பெனிகளில் எஞ்சினியருக்கும் சேல்ஸ்காரருக்கும் நடந்த இழுபறி

கேள்வி இது: மோட்டார் கார் புதிதாக வந்த காலத்தில், "இன்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று எஞ்சினியர்களும் "போதும், விற்கலாம்" என்று விற்பனைப் பிரிவும் சண்டை போட்டுக்கொண்டார்களாமே, உண்மையா? நியாயம் யார் பக்கம் இருந்தது?

சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் எஞ்சினியர் பொறுமைசாலி, சேல்ஸ்காரர் அவசரக்காரர் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். இரண்டு தரப்பும் சோதனை என்று சொன்னது ஒரே காரியத்தை அல்ல. வண்டி எந்த இடத்தில் உடையும் என்று காட்டுகிற ஓட்டம் எஞ்சினியருக்கு வேண்டும். அது உடையவே உடையாது என்று ஊருக்குக் காட்டுகிற ஓட்டம் சேல்ஸ்காரருக்கு வேண்டும். முதல் வகையில் ஒன்றுமே உடையாவிட்டால் பெட்ரோல் வீண். இரண்டாவது வகையில் ஒரு போல்ட் கழன்றால்கூட மானம் போயிற்று. பல சமயம் இரண்டுக்கும் ஒரே வண்டியை, ஒரே சாலையில், ஒரே டிரைவரை வைத்துத்தான் ஓட்டினார்கள். முட்டல் வராமல் என்ன செய்யும்?

எனக்கு நன்றாகத் தெரிந்த கதை ரோல்ஸ்-ராய்ஸுடையது. அதையே விரிவாகச் சொல்கிறேன். அப்புறம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் நடந்த ஒன்று. அது இதற்கு நேர்மாறானது.

ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி பிறந்த விதமே இரண்டு துறைகளை ஒட்ட வைத்ததுதான். ஹென்றி ராய்ஸ் மான்செஸ்டரில் மின்சாதனங்களும் கிரேன்களும் செய்துகொண்டிருந்த எஞ்சினியர். தன் முதல் காரை 1904 ஏப்ரலில் ஓட்டிப் பார்த்தார். சார்லஸ் ரோல்ஸ் லண்டனில் கார் வியாபாரம் செய்த பிரபு வீட்டுப் பிள்ளை. ரோல்ஸோடு கூட்டாளியாக இருந்தவர் க்ளாட் ஜான்சன். பிரிட்டனின் ஆட்டோமொபைல் கிளப்புக்கு முதல் செயலாளராக இருந்து, 1900இல் ஆயிரம் மைல் ஓட்டப் போட்டியை நடத்திக் காட்டியவர். ரோல்ஸுக்கும் ராய்ஸுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கோடு நான்தான் என்று தன்னைச் சொல்லிக்கொள்வாராம். அது மிகையில்லை. 1908இலிருந்து தொழிற்சாலை டார்பியில், ஷோரூம் லண்டனில் கான்டிட் தெருவில். பொருள் செய்கிறவர் ஓர் ஊரில், வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கிறவர் இன்னோர் ஊரில்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தக் கம்பெனியின் மிகப் புகழ்பெற்ற சோதனையை நடத்தியது எஞ்சினியர் அல்ல, ஜான்சன்தான். 1907இல் 40/50 குதிரைத்திறன் மாடலில் ஒரு சேஸிஸை (மேற்கூடு இல்லாமல் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும்) எடுத்து, வெள்ளி நிறம் பூசி, சில்வர் கோஸ்ட் என்று பெயர்ப் பலகையும் மாட்டினார். ஸ்காட்லாந்து ஓட்டப் போட்டியில் விட்டார். பிறகு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை தவிர இரவு பகலாக ஓட வைத்தார். கிளப்பின் பார்வையாளர் கூடவே இருப்பார். 629 மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானே மூடிக்கொண்டு வண்டி நின்றது. திறந்துவிட ஒரு நிமிடம். அதற்குப் பிறகு 14,371 மைல் தானாக எங்கும் நிற்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது விளம்பரம். அடுத்து நடந்ததில்தான் விஷயம் இருக்கிறது. மொத்தம் 15,000 மைல் ஆனதும் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்மானத்தை அளந்து, புது வண்டி போல ஆக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போடும்படி கிளப்பிடமே ஜான்சன் ஒப்படைத்தார். ஸ்டீயரிங் பக்கத்துப் பின்கள், பந்து மூட்டு போன்ற சில்லறைச் சாமான்கள்தான் மாற்ற வேண்டியிருந்தது. செலவு 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். ஜான்சன் அதை அப்படியே விளம்பரத்தில் போட்டார். விற்பனைக்காரர் தலைமேல் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடத்திய சோதனை இது. பிரித்துப் பார்க்கும்போது பேரிங் ஒன்று தேய்ந்து கிடந்திருந்தால் அதுவும் கிளப்பின் சான்றிதழில் ஏறியிருக்கும். எஞ்சினியருக்கு வேண்டிய தேய்மான விவரமும் சேல்ஸ்காரருக்கு வேண்டிய பெயரும் ஒரே ஓட்டத்தில் கிடைத்தது அபூர்வம். அடுத்த ஆண்டு பம்பாய்-கோலாப்பூர் மலைப்பாதைப் போட்டிக்கு ஒரு வண்டியை அனுப்பி, 'கிழக்கின் முத்து' என்று பெயர் வைத்து ஜெயித்ததும், அதே வண்டியைக் குவாலியர் மகாராஜா வாங்கியதும் இந்த வழியில்தான்.

வம்பு ஆரம்பித்தது கியர்பாக்ஸில்.

முதலில் வந்த 40/50இல் நான்கு கியர். மூன்றாவது கியர் நேர் இழுவை, அதாவது எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றாமல் நேராகவே போகும். நான்காவது, இன்று ஓவர்டிரைவ் என்று சொல்வது. சமதளத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்ற, வண்டி வேகமாகப் போகும். எஞ்சினியர் கண்ணோட்டத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? நான்காவதில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துக் கியர் மாற்றுவது இன்று போல அல்ல. எஞ்சின் வேகத்தையும் பல்சக்கர வேகத்தையும் காதால் கேட்டுப் பொருத்தி, இரண்டு தடவை கிளட்சை மிதித்துத் தள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் கரகரவென்று அரைக்கும். பின்சீட்டில் இருக்கும் சீமாட்டி முகம் சுளிப்பார். அதனால் டிரைவர்கள் ஏற்றத்திலும் கியரை இறக்காமல் ஓட்டினார்கள். வண்டி இழுக்கவில்லை என்று புகார். நான்காவது கியர் நேர் இழுவை இல்லாததால் பல்சக்கரம் இரைகிறது என்று இன்னொரு புகார். சத்தமில்லாத கார் என்று சொல்லி விற்ற வண்டி அது.

புகார் முதலில் வந்து விழுவது லண்டன் வாசலில். டார்பியில் இருப்பவருக்கு 'ஓட்டத் தெரியாதவன் ஓட்டுகிறான்' என்றுதான் தோன்றும், அது பொய்யும் அல்ல. ஆனால் ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுத்தவரிடம் உங்கள் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எந்த சேல்ஸ்காரர் சொல்வார்? (டிரைவர்களுக்கென்று கம்பெனியே ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது, வாடிக்கையாளர் வீட்டுக்கே இன்ஸ்பெக்டரை அனுப்பி வண்டியைப் பார்த்துவரச் செய்தது எல்லாம் இந்தத் தலைவலிக்குத்தான்.) 1909இல் நான்கு கியரை எடுத்துவிட்டு மூன்று கியர் வைத்தார்கள். டாப் கியர் நேர் இழுவை. சத்தம் போயிற்று, புகாரும் அடங்கிற்று.

இன்னொரு சிக்கலும் இதில் சேர்ந்துகொண்டது. கம்பெனி விற்றது சேஸிஸை மட்டும். மேற்கூடு வாடிக்கையாளர் விருப்பப்படி பார்க்கர், ஹூப்பர் போன்ற கூடு கட்டுகிறவர்களிடம் செய்யப்படும். டார்பியில் டெஸ்ட் டிரைவர் ஓட்டிப் பார்ப்பது, ஒரு மொட்டை இருக்கையைப் பொருத்திய சேஸிஸை. வாடிக்கையாளர் ஓட்டுவது கண்ணாடி, மெத்தை, பெட்டி படுக்கை, ஆறு பேர் எல்லாம் ஏறிய நடமாடும் வரவேற்பறையை. 'நாங்கள் ஓட்டும்போது நன்றாகத்தான் இருந்தது' என்று எஞ்சினியர் சொன்னதும் நிஜம். 'மேட்டில் திணறுகிறது' என்று வாடிக்கையாளர் சொன்னதும் நிஜம். இரண்டு பேரும் பேசியது இரண்டு வேறு வண்டிகளைப் பற்றி.

மூன்று கியர் வந்ததும் சேல்ஸ் பக்கம் அதையே பெருமையாக மாற்றிக்கொண்டது. கியர் மாற்றவே வேண்டாத கார் என்பதுதான் அன்றைக்குப் பெரிய கவர்ச்சி. லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரிலேயே போய்க் காட்டியது நேப்பியர் கம்பெனி. ஜான்சன் சும்மா இருப்பாரா? 1911இல் எர்னஸ்ட் ஹைவ்ஸ் என்ற இளம் டெஸ்ட் டிரைவர் அதே பாதையில் டாப் கியரிலேயே ரோல்ஸ்-ராய்ஸை ஓட்டிப் போனார். ஒரு கேலனுக்கு 24.32 மைல். அதே வண்டி புரூக்லண்ட்ஸ் கார் பந்தய ஓடுபாதையில் மணிக்கு 78.26 மைல் தொட்டது. பத்திரிகைகள் கொண்டாடின.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 1912இல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலை ஓட்டப் போட்டிக்கு ஜேம்ஸ் ராட்லி என்ற தனி ஆள் தன் சொந்த ரோல்ஸ்-ராய்ஸைக் கொண்டு போனார். காட்ஷ்பெர்க் கணவாயில் ஏற்றம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று. அங்கே நின்ற வண்டியை அவரால் திரும்பக் கிளப்ப முடியவில்லை. மூன்று கியரில் முதல் கியருக்கே அந்தச் சரிவில் இழுக்கப் போதுமான பலம் இல்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. உலகத்திலேயே சிறந்த கார் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டியிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு மேடேற்றியதை ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1911 சோதனையில் பொய் ஒன்றும் இல்லை. டாப் கியரில் ஓடுமா என்று கேட்டார்கள், ஓடியது. முதல் கியரில் ஏறுமா என்று யாரும் கேட்கவில்லை. சேல்ஸ் கேட்காததற்குக் காரணம் புரிகிறது: இங்கிலாந்தில் வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. எஞ்சினியர்கள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. டார்பியைச் சுற்றி இருக்கும் மேடுகளில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. கேள்வியைத் தேடிப் போக வேண்டியவர்கள் விடை கிடைத்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

டார்பி இதை மறைக்கப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த வருஷப் போட்டிக்குக் கம்பெனியே மூன்று வண்டிகளைத் தயார் செய்தது. ராட்லியும் தனியாக வந்தார். நான்கு கியர் திரும்ப வந்தது. இந்தத் தடவை ஓவர்டிரைவ் அல்ல, கீழே ஒரு பலமான முதல் கியர். ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள், தண்ணீர் கொதிக்காமல் இருக்க. 1913 ஜூனில் 1,600 மைலுக்கு மேல் மலைப்பாதையில் அந்த வண்டிகள் மற்றவர்களை மூச்சுத் திணற வைத்தன. ஓட்டியவர்களில் ஹைவ்ஸும் ஒருவர். 1909இல் வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டு எடுத்த கியரை 1913இல் மலையின் பேச்சைக் கேட்டுத் திரும்ப வைத்தார்கள் என்று சொல்லலாம், ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. டாப் கியர் நேர் இழுவையாகவே இருந்தது. அந்த விஷயத்தில் வாடிக்கையாளர் சொன்னதுதான் நிலைத்தது.

இதற்குள் ராய்ஸ் டார்பியில் இல்லை. 1911இல் கடுமையாக நோய்வாய்ப்பட்ட பிறகு, குளிர்காலத்தில் தெற்கு பிரான்சில் லெ கனடெல், மற்ற நாளில் இங்கிலாந்தின் கடற்கரை என்று இருந்துவிட்டார். அங்கிருந்தபடியே வரைபடமும் குறிப்புகளும் டார்பிக்கு அனுப்புவார். கம்பெனிக்குள் ஆட்களை முதலெழுத்தால் குறிப்பது வழக்கம்: ராய்ஸ் என்றால் 'ஆர்', ஜான்சன் 'சிஜே', ஹைவ்ஸ் 'எச்எஸ்'. வாய்ச்சண்டையாகக் காற்றோடு போயிருக்க வேண்டியதெல்லாம் இப்படிக் காகிதத்தில் தங்கிற்று. தூரத்தால் ஒரு நன்மையும் உண்டு. ராய்ஸை லண்டன் ஆட்கள் நினைத்த நேரத்தில் போய் நச்சரிக்க முடியாது. வடிவமைப்பில் கடைசி வார்த்தை அவருடையதாகவே இருந்தது.

நேப்பியரில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அங்கே மான்டேகு நேப்பியர் எஞ்சினியர், எஸ்.எஃப். எட்ஜ் விற்பனையாளர், தனிக் கம்பெனி வைத்து நேப்பியர் கார்களை மொத்தமாக எடுத்து விற்றவர். 1907இல் புதிதாகத் திறந்த புரூக்லண்ட்ஸில் 24 மணி நேரம் தானே ஓட்டி 1,581 மைல் போனவர் எட்ஜ். ஆள் ஜகஜ்ஜாலக் கில்லாடி. 1912இல் இரண்டு பேருக்கும் முறிந்தது. நேப்பியர் எட்ஜின் கம்பெனியை விலைக்கு வாங்கினார், சுமார் 1,20,000 பவுண்டு. கூடவே ஒரு நிபந்தனை: ஏழு வருஷம் மோட்டார் தொழில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. எட்ஜ் பன்றி வளர்க்கப் போய்விட்டார். அதிலும் நன்றாகவே செய்தார் என்கிறார்கள்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். இங்கே அவசரப்பட்டது சேல்ஸ் அல்ல.

சார்லஸ் கெட்டரிங், எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த மேதை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவை டேட்டன் நகரில் நடத்தினார். ரேடியேட்டரே இல்லாத கார் அவருடைய கனவு. குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும், வெயிலில் கொதிக்கும். இரண்டும் வேண்டாம் என்று, இரும்பு சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளைப் பற்றவைத்து, விசிறிக் காற்றால் குளிர வைக்கும் எஞ்சினை உருவாக்கினார். செம்பு இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியாது. தலைவராக இருந்த பியர் டு பான்ட் இந்த எஞ்சினில் மனதைப் பறிகொடுத்திருந்தார். கம்பெனிக்குள் தனித்தனியாகக் கார் செய்த ஓக்லண்ட் பிரிவும் செவ்ரோலே பிரிவும் பழைய எஞ்சினைக் கைவிட்டு இதற்கு மாற வேண்டும் என்று மேலிருந்து முடிவாயிற்று.

1921 நவம்பரில் ஓக்லண்ட் பிரிவின் மேலாளர் ஹன்னம், வண்டியைச் சோதித்துவிட்டுக் குறைந்தது ஆறு மாதமாவது வேலை பாக்கி இருக்கிறது என்று தலைவருக்கு எழுதினார். கெட்டரிங் மனம் உடைந்துபோனார். குறை எஞ்சினில் இல்லை, பிரிவு ஆட்களுக்கு மனசில்லை என்பது அவர் கட்சி. பிரிவு ஆட்களோ, ஆய்வுக்கூடத்தில் ஓடுகிற எஞ்சினைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். உருவாக்கியவரே சோதித்தால் அவருக்கு அது பாஸ். விற்று, ரிப்பேர் பார்த்து, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கப்போகிறவர் சோதித்தால் அதே வண்டி ஃபெயில்.

ஒருவழியாகச் செவ்ரோலே அதைச் செய்தது. 1923 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் மொய்த்தது. ஆனால் அவசரக் கோலம் அள்ளித் தெளித்தது போல ஆயிற்று கதை. மொத்தம் செய்தது 759 வண்டி. அதில் 239ஐத் தொழிற்சாலையிலேயே உடைத்துப் போட்டார்கள். டீலர்களுக்குப் போனது முந்நூற்றுச் சொச்சம், பொதுமக்கள் கைக்குப் போனது நூறு சுமார். சத்தம், தேய்மானம், விசிறி பெல்ட் என்று குறைகள் வந்துகொண்டே இருந்தன. அந்த வசந்த காலத்தில் அமெரிக்காவில் கார் விற்பனை வேறு பிய்த்துக்கொண்டு போயிற்று. தண்ணீரில் குளிரும் சாதா செவ்ரோலேயைச் செய்து மாளவில்லை. ஓடுகிற குதிரையை விட்டுவிட்டு இதைப் பிடித்துத் தொங்குவதற்கு யாருக்கும் மனமில்லை. மே மாதம் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைவரானார். விற்ற வண்டிகளையெல்லாம் ஜூனில் திரும்ப அழைத்தார்கள். கெட்டரிங் ராஜினாமா கடிதம் கொடுக்க, ஸ்லோன் சமாதானம் பேசி இருக்க வைத்தார்.

ஸ்லோன் அடுத்து செய்ததுதான் இந்தச் சண்டைக்குப் போட்ட முதல் உருப்படியான வேலி. 1924இல் மிச்சிகனில் மில்ஃபோர்டு என்ற இடத்தில், 1,100 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கிக் கம்பெனிக்கென்று சோதனை மைதானம் அமைத்தார். அதுவரை ஒவ்வொரு பிரிவும் பொதுச் சாலையில் தன் இஷ்டத்துக்கு ஓட்டி, தன் வண்டிக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தது. மில்ஃபோர்டில் எல்லா வண்டிக்கும் ஒரே மேடு, ஒரே கான்கிரீட், ஒரே சேறு. போட்டிக் கம்பெனிகளின் கார்களையும் கடையில் வாங்கிவந்து ஓட்டினார்கள். தன் வண்டியை விற்கத் துடிக்கிற மேலாளரிடமும், தன் எஞ்சினைக் காதலிக்கிற எஞ்சினியரிடமும் ஒரே தாளை நீட்டலாம்.

ஆக, நியாயம் யார் பக்கம் என்றால், வண்டி கெட்டுப் போனால் யாருடைய வாசலில் வந்து கத்துவார்களோ அவர் செய்த சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன். சில சமயம் அது சேல்ஸ். 1907இல் ஜான்சன் அப்படித்தான் இருந்தார்.

ஆனால் சேல்ஸுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்றும் நினைக்க வேண்டாம். ராய்ஸ் தன் கடைசிக் காலத்தில், நீண்ட தூரம் வேகமாகப் போகத் தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று, ஐவன் எவர்ன்டன் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு ஃபான்டம் 2இன் குட்டைச் சேஸிஸில் ஒன்று செய்யச் சொன்னார். 26இஎக்ஸ் என்பது அதன் சோதனை எண். கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங், லேசான பார்க்கர் கூடு, மேலே ஹெர்ரிங் மீன் செதிலை அரைத்துச் செய்த முத்து நிறப் பூச்சு. விற்பனைப் பிரிவு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1930இல் எவர்ன்டன் அந்த வண்டியை பிரான்சில் பியாரிட்ஸ் அழகுப் போட்டிக்கு ஓட்டிப் போய் முதல் பரிசோடு திரும்பினார். அவர் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள், ஃபான்டம் 2 கான்டினென்டல் என்று பெயர் வைத்து, விலையும் போட்டு, விளம்பரப் புத்தகமே தயார் செய்துவிட்டிருந்தார்கள் விற்பனைப் பிரிவினர்.